தகவல் தந்தவரின் பெயரைச் சொல்ல மறுக்கும் செய்தியாளரைச் சிறையில் அடைக்கலாமா?

பெயரை வெளியிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துப் பெற்ற தகவலை ஒரு செய்தியாளர் வெளியிடுகிறார். அதைத் தந்தவர் யார் என்று நீதிமன்றம் பின்னர் கேட்கிறது. அவர் சொல்ல மறுக்கிறார். இந்த இடத்தில் சட்டத்தின் முன் சில வழிகள் உள்ளன. மற்ற சாட்சிகளைப் போலவே அவரையும் நடத்தி, வாய் திறக்கும் வரை சிறையில் வைக்கலாம். சிறைக்குப் பதிலாக நாள்தோறும் அபராதம் விதிக்கலாம். மறுக்கும் உரிமையை அவருக்குக் கொடுத்து, குறிப்பிட்ட நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டும் நீதிபதி அதை விலக்கலாம். அல்லது அந்த உரிமையை ஏறத்தாழ முழுமையானதாகவே ஆக்கிவிடலாம். இவை எல்லாமே ஏதேனும் ஒரு நாட்டில் நடைமுறையில் இருந்து பார்த்தவை என்பதால், எது மேலானது என்பதை நடந்த வழக்குகளைக் கொண்டே பேச முடியும். சிறை கூடாது என்பது என் முடிவு. ஆனால் முழு உரிமையும் எல்லா வழக்குக்கும் விடையாகாது. இடைப்பட்ட வழியை எப்படி வகுப்பது என்பதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது.

முதலில் நீதிமன்றத்தின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அது பலர் எண்ணுவதைவிட வலுவானது. குற்றத்தைப் பற்றி அறிந்த எவரும் அழைக்கப்பட்டால் சாட்சி சொல்லக் கடமைப்பட்டவர் என்ற விதி இல்லாமல் நீதி வழங்க முடியாது. வங்கிக் காசாளருக்கும் வாகன ஓட்டுநருக்கும் கிடைக்காத விலக்கு, செய்தி எழுதுபவருக்கு மட்டும் ஏன் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் தேவை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972 இல் பிரான்ஸ்பர்க் எதிர் ஹேய்ஸ் வழக்கில் இந்தக் கேள்வியைத்தான் எதிர்கொண்டது. கென்டக்கியில் ஹஷீஷ் என்ற போதைப்பொருள் தயாரிக்கப்படுவதை நேரில் பார்த்து எழுதிய ஒருவர், பிளாக் பாந்தர் என்ற கறுப்பினப் போராட்ட அமைப்பினரிடையே செய்தி சேகரித்த இருவர் என மூன்று செய்தியாளர்களின் வழக்குகள் ஒன்றாக விசாரிக்கப்பட்டன. ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், ஒருவர் மீது குற்றம் சாட்டலாமா என்று சாட்சிகளைக் கேட்டு முடிவு செய்யும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி முன் சாட்சி சொல்வதிலிருந்து செய்தியாளருக்கு அரசமைப்பு வழியான விலக்கு இல்லை என்று தீர்ப்பானது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டூவர்ட், செய்தியாளரை அழைப்பதற்கு முன் அரசு மூன்றை நிறுவ வேண்டும் என்றார்: அவரிடம் உள்ள தகவல் வழக்குக்கு நேரடித் தொடர்புடையது, வேறு வழியில் கிடைக்காதது, அதைப் பெறுவதில் மறுக்க முடியாத பொதுநலன் உள்ளது. அன்று தோற்ற இந்த மூன்று நிபந்தனைகள்தாம் பின்னர் அமெரிக்க மாநிலச் சட்டங்கள் பலவற்றுக்கும் கீழ்நீதிமன்றத் தீர்ப்புகளுக்கும் அச்சாயின.

செய்தியாளரின் பக்கத்து நியாயம், வாக்கைக் காப்பதால் யார் பயன் பெறுகிறார் என்பதில் இருக்கிறது. அலுவலகத்தில் நடக்கும் முறைகேட்டை அறிந்த கீழ்நிலை ஊழியர் ஒருவர், பெயர் தெரிந்தால் வேலை போகும், சில இடங்களில் உயிரே போகும் என்ற நிலையில்தான் பேச வருகிறார். அவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு செய்தியாளருக்குத் தரப்படும் சலுகை ஆகாது. அவர் சொல்வதை அறிந்துகொள்ளப்போகும் பொதுமக்களுக்காகவே அது தரப்படுகிறது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் விவகாரத்தில் வாஷிங்டன் போஸ்ட் செய்தியாளருக்கு வழிகாட்டியவர், எஃப்.பி.ஐ. அமைப்பில் இரண்டாம் இடத்தில் இருந்த மார்க் ஃபெல்ட் என்பது 2005 இல்தான் உறுதியானது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பெயர் காக்கப்பட்டது. அந்தப் பெயர் 1973 இலேயே கட்டாயத்தின் பேரில் வெளிவந்திருந்தால், வேறொரு துறையில் வேறொரு அதிகாரி அதன் பின் வாய் திறந்திருப்பாரா என்பதையே சட்டம் இயற்றுவோர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சிறை என்ற வழியை மதிப்பிடுவதற்கு, நீதிமன்ற அவமதிப்பில் இரு வகை உண்டு என்பதை அறிந்திருக்க வேண்டும். ஒன்று, கட்டாயப்படுத்துவதற்கானது: சாட்சி பேசிய மறுநொடி கதவு திறக்கும், கிராண்ட் ஜூரியின் பதவிக்காலம் முடிந்தாலும் திறக்கும். மற்றொன்று, கீழ்ப்படியாமைக்கான தண்டனை. பேசினாலும் அது தீராது. முதல் வகையை அதன் சொந்த அளவுகோலாலேயே, அதாவது பேச வைத்ததா என்ற கேள்வியாலேயே, அளக்கலாம். டெக்ஸாஸில் கொலை வழக்கு ஒன்றைப் பற்றி நூல் எழுதிக்கொண்டிருந்த வனெசா லெகெட் 168 நாள் சிறையில் இருந்துவிட்டு, 2002 ஜனவரியில் கிராண்ட் ஜூரியின் காலம் முடிந்ததால் வெளியே வந்தார். அவர் எதையும் ஒப்படைக்கவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் போராட்டம் ஒன்றைப் படம்பிடித்த ஜோஷ் வுல்ஃப் 226 நாள் உள்ளே இருந்தார். கடைசியில் காணொளியை வெளியிட்டாரே தவிர, கிராண்ட் ஜூரி முன் சாட்சி சொல்லவில்லை.

சிறையை ஆதரிப்போர் காட்டக்கூடிய எடுத்துக்காட்டு ஜூடித் மில்லர். நியூயார்க் டைம்ஸ் செய்தியாளரான அவர், சி.ஐ.ஏ. அதிகாரி ஒருவரின் அடையாளம் கசிந்த விவகாரத்தில் 2005 ஜூலை 6 முதல் 85 நாள் சிறையில் இருந்தார். பிறகு சாட்சி சொன்னார். அவருக்குத் தகவல் தந்தவர், துணைக் குடியரசுத் தலைவரின் தலைமை அலுவலராக இருந்த லிபி. அவரே கடிதத்தாலும் தொலைபேசியாலும் தம்மை வாக்கிலிருந்து விடுவித்த பிறகுதான் பேசியதாக மில்லர் கூறினார். சிறை இல்லாமலிருந்தால் அந்த விடுவிப்பு கேட்கப்பட்டிருக்குமா என்ற வாதத்தை நான் ஒதுக்கிவிட விரும்பவில்லை. ஆனால் முழுக் கணக்கையும் பார்க்க வேண்டும். மில்லர் அந்த அதிகாரியைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வெளியிட்டிருக்கவில்லை. பெயரை முதலில் அச்சேற்றிய பத்தி எழுத்தாளருக்கு அதைச் சொன்னவர் வெளியுறவுத் துறையின் துணைச் செயலர் ஆர்மிடேஜ் என்பது அரசு வழக்கறிஞருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. 2007 இல் லிபி தண்டிக்கப்பட்டது பொய்ச் சாட்சியத்துக்காகவும் விசாரணையைத் தடுத்ததற்காகவும். ரகசியத்தைக் கசியவிட்ட குற்றத்துக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. அதோடு, அந்த விசாரணையில் அரசு அலுவலர்கள் மொத்தமாக விடுவிப்புப் படிவங்களில் கையெழுத்திட்டிருந்தார்கள். மேலதிகாரி நீட்டும் படிவத்தில் ஊழியர் இடும் கையெழுத்து அவருடைய சம்மதத்தைக் காட்டாது. அத்தகைய படிவங்களை நம்பிப் பேசாதது மில்லர் செய்த சரியான செயல் என்றே கருதுகிறேன்.

தண்டனை வகை அவமதிப்பின் முகம், ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் தொலைக்காட்சிச் செய்தியாளராக இருந்த ஜிம் டாரிகானியின் வழக்கில் தெளிவாகத் தெரிகிறது. நகராட்சி அதிகாரி ஒருவர் லஞ்சப் பணம் இருந்த உறையை வாங்கிக்கொள்ளும் காட்சி, எஃப்.பி.ஐ. ரகசியமாக எடுத்தது. வழக்கு நடக்கும்போது அதை யாரும் வெளியிடக் கூடாது என்று ஆணை இருந்தும் அது அவருக்குக் கிடைத்தது. 2001 இல் ஒளிபரப்பானது. யார் தந்தது என்று சொல்லாததற்காக நாளொன்றுக்கு 1,000 டாலர் என்று 85,000 டாலர் வரை அபராதம் ஏறியது. 2004 இறுதியில், நாடாவைத் தந்தவர் அதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஒருவரின் வழக்கறிஞர் என்பதும், தான் தரவில்லை என்று அவர் முன்பு உறுதிமொழியின் பேரில் பொய் சொல்லியிருந்ததும் வெளிவந்தன. பெயர் தெரிந்துவிட்ட பிறகும் டாரிகானிக்கு ஆறு மாதத் தண்டனை விதிக்கப்பட்டது. மாற்று இதயம் பொருத்தப்பட்டவர் என்பதால் சிறைக்குப் பதில் வீட்டுக்காவல். நான்கு மாதத்தில் விடுவிக்கப்பட்டார். உண்மையை அறிவதற்காக என்று தொடங்கிய நடவடிக்கை, அறிய வேண்டியது எல்லாம் அறியப்பட்ட பின்னும் நோயாளி ஒருவரை வீட்டுக்குள் அடைத்ததில் முடிந்தது.

பணிந்துபோனால் என்ன நடக்கிறது என்பதையும் இதனுடன் வைத்துப் பார்க்க வேண்டும். 1983 இல் இங்கிலாந்திலுள்ள கிரீனம் காமன் தளத்துக்கு அமெரிக்க ஏவுகணைகள் வந்து சேர்வது பற்றிய அரசு ஆவணத்தின் நகல் பிரிட்டனின் கார்டியன் நாளிதழுக்குக் கிடைத்தது. ஆவணத்தைத் திருப்பித் தருமாறு நீதிமன்றம் ஆணையிட்டபோது நாளிதழ் கீழ்ப்படிந்தது. தந்தவர் யார் என்பது நாளிதழுக்கே தெரியாது. ஆனால் நகலெடுக்கும் இயந்திரம் அந்தத் தாளில் விட்டிருந்த தடங்கள் போதுமானவையாக இருந்தன. வெளியுறவு அமைச்சரின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த 23 வயது சாரா டிஸ்டால் கண்டுபிடிக்கப்பட்டு, 1984 மார்ச்சில் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ஆசிரியர் சிறைக்குப் போகவில்லை, எழுத்தர் போனார். சட்டத்துக்குக் கீழ்ப்படிவதே நாகரிகம் என்று சொல்பவர்கள், அந்தக் கீழ்ப்படிதலின் விலையை யார் கொடுத்தார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வாக்கை மீறுவதும் சட்டத்தின் கண்ணில் குற்றமற்றது அல்ல. 1982 இல் மின்னசோட்டா மாநிலத் தேர்தலின்போது, பெயர் வராது என்ற உறுதியின் பேரில் எதிரணி வேட்பாளரின் பழைய வழக்கு ஒன்றைப் பற்றிச் சொன்ன பிரசார ஆலோசகரின் பெயரை இரண்டு நாளிதழ்கள் அச்சிட்டுவிட்டன. அன்றே அவர் வேலையை இழந்தார். 1991 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வாக்கை மீறிய நாளிதழ்கள் மீது இழப்பீடு கோர அரசமைப்பு தடையாக இல்லை என்றது. இறுதியில் 2,00,000 டாலர் கொடுக்க நேர்ந்தது. வாக்கை மீறினால் இழப்பீடு, காத்தால் சிறை என்று ஒரே நாட்டின் சட்டம் இரு பக்கமும் அழுத்தும்போது, செய்தியாளர் எந்தச் சட்டத்துக்குத்தான் கீழ்ப்படிவது?

அபராதம் மென்மையான மாற்று என்று தோன்றலாம். பெரிய நிறுவனம் பின்னால் இருந்தால் அது செலவுக் கணக்கில் ஒரு வரி. இல்லாவிட்டால் வீட்டையே விற்க வைக்கும் தண்டனை. 2008 இல் டோனி லோசி என்ற செய்தியாளருக்கு நாளொன்றுக்கு 5,000 டாலர் வரை அபராதம் விதித்த நீதிபதி, அதை வேறு யாரும் கட்டக்கூடாது, அவர் தம் கையிலிருந்தே கட்ட வேண்டும் என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2024 இல் கேத்தரின் ஹெரிட்ஜுக்கு நாளொன்றுக்கு 800 டாலர் விதிக்கப்பட்டு, மேல்முறையீடு வரை நிறுத்திவைக்கப்பட்டது. இவ்விரு வழக்குகளும், தம்மைப் பற்றிய தகவலை அரசு அலுவலர்கள் கசியவிட்டதால் பாதிக்கப்பட்ட தனிமனிதர்கள் அரசின் மீது தொடுத்தவை என்பதை மறைக்கக் கூடாது. கசிவு எல்லாமே முறைகேட்டை அம்பலப்படுத்துபவை அல்ல; அதிகாரம் உள்ளவர்கள் ஒருவர் பெயரைக் கெடுக்கச் செய்தியாளரைக் கருவியாக்குவதும் நடக்கிறது. ஆனால் அந்த இழப்புக்குப் பொறுப்பானது கசியவிட்ட அரசுத் துறை. லோசியிடம் சாட்சியம் கோரிய வழக்கு, 2008 இல் அமெரிக்க அரசு 58 லட்சம் டாலர் பெறுமான உடன்பாட்டுக்கு வந்து முடிந்தது. அதற்கு லோசி பெயர் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நிபந்தனையுடன் கூடிய பாதுகாப்பு என்ற வழிக்கு வருவோம். பிரிட்டனின் 1981 நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் பத்தாம் பிரிவு, நீதியின் நலன், நாட்டின் பாதுகாப்பு, ஒழுங்கின்மையையோ குற்றத்தையோ தடுப்பது ஆகியவற்றுக்குத் தேவையென்று நிறுவப்பட்டால் ஒழியப் பெயரைச் சொல்லுமாறு கட்டளையிட முடியாது என்கிறது. படிக்க நன்றாகவே இருக்கிறது. அந்தச் சொற்களுக்குள் எவ்வளவு இடம் இருந்தது என்பது வில்லியம் குட்வின் வழக்கில் தெரிந்தது. ஒரு தொழில் நிறுவனத்தின் நிதி நெருக்கடி பற்றி அவருக்குத் தகவல் வந்தது. செய்தி வெளிவருவதற்கு முன்பே தடையாணை வாங்கப்பட்டுவிட்டதால் நிறுவனத்துக்கு ஏற்படவிருந்த சேதம் பெரும்பாலும் தடுக்கப்பட்டுவிட்டது. இருந்தும் உள்ளே இருக்கும் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற நிறுவனத்தின் விருப்பம் நீதியின் நலனாகக் கருதப்பட்டு, பெயரைச் சொல்லாத குட்வினுக்கு 5,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. 1996 மார்ச் 27 அன்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், தகவல் தருவோரைக் காப்பது பத்திரிகைச் சுதந்திரத்தின் அடிப்படை நிபந்தனைகளுள் ஒன்று என்று கூறி, 11க்கு 7 என்ற கணக்கில் பிரிட்டன் தவறு செய்ததாகத் தீர்ப்பளித்தது.

நிபந்தனை வழியின் குறை இதுவே: ஊழியர் இன்று பேசுகிறார், நீதிபதி ஈராண்டு கழித்து எடைபோடுகிறார். எடைபோடுவதன் முடிவு என்னவாகும் என்பது பேசும் நேரத்தில் யாருக்கும் தெரியாது. பேச நினைப்பவரைத் தடுப்பதற்கு அந்த ஐயமே போதும். ஆகவே நிபந்தனைகள் எவ்வளவு குறைவாகவும் எவ்வளவு தெளிவாகவும் இருக்கின்றனவோ அவ்வளவுக்கு அந்தச் சட்டம் பயன்படும். இவ்வகையில் பெல்ஜியத்தின் 2005 ஏப்ரல் 7 சட்டத்தை நல்ல முன்மாதிரியாகக் கொள்கிறேன். மனிதர்களின் உடலுக்கோ உயிருக்கோ கடும் ஆபத்து விளைக்கும் குற்றத்தைத் தடுப்பதற்காக, அந்தத் தகவல் இன்றியமையாததாகவும் வேறு எவ்வழியிலும் கிடைக்காததாகவும் இருந்தால், நீதிபதி மட்டுமே கேட்கலாம். வரப்போகும் ஆபத்தைத் தடுக்கவே அது வழி விடுகிறது. நடந்து முடிந்த கசிவுக்கு ஆள் தேட அதைப் பயன்படுத்த முடியாது.

மறுகோடியில் இருப்பது ஸ்வீடன். 1766 இலேயே பத்திரிகைச் சுதந்திரத்தைச் சட்டமாக்கிய அந்த நாட்டில், பெயர் மறைக்க விரும்பியவரின் பெயரை வெளியிடும் செய்தியாளருக்கே அபராதமோ ஓராண்டு வரை சிறையோ கிடைக்கும். தகவல் கொடுத்தது யார் என்று விசாரிப்பதும் அரசு அலுவலர்களுக்குத் தடைசெய்யப்பட்டது, மீறுவது தண்டனைக்குரியது. அங்கும் விதிவிலக்குகள் உண்டு. நாட்டின் பாதுகாப்புக்கு எதிரான கடுங்குற்றங்கள் அவற்றில் அடங்கும். ஆனால் தொடங்கும் இடமே வேறு: வாக்கு செய்தியாளருக்கு உரிய சொத்தாக இல்லாமல் தகவல் தந்தவருக்கு உரிய உரிமையாகக் கருதப்படுகிறது. செய்தியாளர் துணிச்சலானவரா கோழையா என்பதைப் பொறுத்து அங்கு ஓர் ஊழியரின் எதிர்காலம் அமைவதில்லை.

இவ்வளவு தூரம் வந்தும், முழு உரிமையை நான் தயக்கமின்றி ஆதரிக்க முடியாமல் செய்யும் வழக்கு ஒன்று உண்டு. நியூயார்க் டைம்ஸின் மைரன் ஃபார்பர், நியூஜெர்சியில் உள்ள ஒரு மருத்துவமனையில் 1965, 1966 ஆண்டுகளில் நிகழ்ந்த ஐயத்துக்குரிய இறப்புகளைப் பற்றி 1976 இல் எழுதினார். அதன் விளைவாக மூடப்பட்ட விசாரணை மீண்டும் தொடங்கி, அறுவை மருத்துவர் ஒருவர் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. ஃபார்பரின் குறிப்புகளைக் கேட்டது அரசு அல்ல, ஆயுள் முழுவதும் சிறையில் கழிக்க நேரலாம் என்ற நிலையில் நின்ற அந்த மருத்துவர். தன் மீதான குற்றச்சாட்டு எப்படிப் பிறந்தது, சாட்சிகள் செய்தியாளரிடம் முதலில் என்ன சொன்னார்கள், பின்னர் சொல்லும் கதை அதிலிருந்து வேறுபடுகிறதா என்று அறிய அவருக்கு உரிமை இல்லை என்று எப்படிச் சொல்வது? ஃபார்பர் அந்த விவகாரத்தைப் பற்றி நூல் எழுத ஒப்பந்தமும் செய்திருந்தார். அது அவர் பக்கத்து நியாயத்துக்கு உதவவில்லை. மாநிலத்தில் செய்தியாளர் பாதுகாப்புச் சட்டம் இருந்தும், குற்றம் சாட்டப்பட்டவரின் அரசமைப்பு உரிமைக்கு அது வழிவிட வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1978 இல் கூறியது. ஃபார்பர் மொத்தம் 40 நாள் சிறையில் இருந்தார். நாளிதழ் 2,85,000 டாலர் அபராதம் கட்டியது. குறிப்புகள் கொடுக்கப்படவே இல்லை. மருத்துவர் விடுதலையானார். 1982 இல் மாநில ஆளுநர் ஃபார்பருக்கு மன்னிப்பு வழங்கினார்.

விடுதலை கிடைத்ததால் இந்தக் கேள்வி எழாமல் போனது. தண்டிக்கப்பட்டிருந்தால்? அந்த இடத்திலும் சிறை சரியான கருவியல்ல என்பதற்கு, அது குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதையும் கொடுக்கவில்லை என்பதே காரணம். ஃபார்பர் உள்ளே இருந்த 40 நாளும் மருத்துவரின் தரப்பு ஒரு பக்கக் குறிப்பையும் பார்க்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தேவை செய்தியாளரின் துன்பம் அல்ல. தகவல் இல்லாததால் தன் தரப்பில் ஏற்படும் ஓட்டையை நீதிமன்றம் ஈடுசெய்ய வேண்டும் என்பதுதான். அதற்கு வழிகள் உள்ளன. குறிப்புகளை நீதிபதி மட்டும் தனியறையில் பார்த்து, அதில் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமானது உண்டா என்று சொல்லலாம். செய்தியாளரிடம் பேசிய சாட்சியின் வாக்குமூலத்தைச் சோதிக்க முடியாவிட்டால் அதை அரசு தன் வழக்கில் பயன்படுத்தாமல் தடுக்கலாம். அது இல்லாமல் நியாயமான விசாரணை நடக்கவே முடியாது என்றால், வழக்கையே நிறுத்தலாம். தண்டிக்கும் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பது அரசு, ஆகவே ஐயத்தின் விலையையும் அரசே ஏற்க வேண்டும்.

இவை வெறும் ஏட்டுத் தீர்வுகள் அல்ல. அவதூறு வழக்கில் நியூ ஹாம்ப்ஷயர் மாநில உச்ச நீதிமன்றம் 1980 இல் இதுபோன்ற ஒன்றைச் செய்தது: செய்தித்தாள் தன் தகவல் மூலத்தைச் சொல்ல மறுத்தால், அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டு வழக்கை நடத்தலாம் என்றது. யாரும் சிறைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் பெயரற்ற ஆளின் பின்னால் ஒளிந்துகொண்டு ஒருவரை அவதூறு செய்யவும் முடியாது. மறைக்கும் உரிமையும் மறைப்பதன் விளைவும் ஒரே கையில் சேரும் இந்தத் தீர்வைச் சட்டம் எழுதுவோர் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் வருத்தம்.

நெதர்லாந்துச் செய்தியாளர் வோஸ்கைலின் வழக்கும் இதையே காட்டுகிறது. 2000 இல் ஆயுத வழக்கு ஒன்றில், காவல்துறையினர் ஆயுதங்களைக் கண்டுபிடித்ததாகச் சொன்ன விதமே திட்டமிட்ட நாடகம் என்று ஒரு காவலர் கூறியதாக அவர் எழுதினார். பெயரைக் கேட்ட நீதிமன்றம் அவரை இரண்டு வாரங்களுக்கும் மேலாகக் காவலில் வைத்தது. பின்னர் அவருடைய செய்தி நம்பத்தக்கதல்ல என்று மற்ற சாட்சியங்களிலிருந்தே முடிவு செய்து விடுவித்தது. பெயர் இல்லாமலே எட்ட முடிந்த முடிவுக்காக ஒருவர் ஏன் அடைக்கப்பட்டார் என்பதற்கு விடை இல்லை. 2007 இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தக் காவலை உரிமை மீறல் என்றது.

தகவல் தருபவரே ஏமாற்றுக்காரராக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அமெரிக்காவின் பால்கோ நிறுவன ஊக்கமருந்து வழக்கில் எழுந்தது. விளையாட்டு வீரர்கள் கிராண்ட் ஜூரி முன் அளித்த ரகசிய வாக்குமூலங்களை வெளியிட்ட சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள் செய்தியாளர்கள் இருவருக்கு 2006 இல் 18 மாதம் வரை சிறை என்று ஆணையாகி, மேல்முறையீட்டுக்காக நிறுத்திவைக்கப்பட்டது. கசியவிட்டவர் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வழக்கறிஞர் ஒருவர். அவரே, அரசுதான் கசியவிட்டது என்று பழிபோட்டு, அதைக் காரணம் காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்யுமாறும் மனு போட்டிருந்தார். நீதிமன்றத்தை ஏமாற்ற ஒருவர் செய்தியாளரின் மௌனத்தைப் பயன்படுத்தும்போது அந்த மௌனத்துக்கு நான் வழக்காட மாட்டேன். இதற்குச் சரியான இடம் வாக்குக் கொடுக்கும் நேரம்தான்: நீங்கள் சொல்வது தெரிந்தே சொன்ன பொய் என்றாலோ, இதை வைத்து நீதிமன்றத்தில் பொய் சொன்னாலோ என் வாக்கு முடிந்துவிடும் என்று முதல் உரையாடலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது. எந்த நிலை வரை காப்பேன் என்று சொல்லாமல் "கவலைப்படாதீர்கள்" என்று மட்டும் சொல்லும் வாக்கு, இரு தரப்புக்குமே ஆபத்தானது.

யார் செய்தியாளர் என்பதை வரையறுக்க முடியாததால் சட்டமே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். பணி அடையாள அட்டையைப் பார்க்காமல், பொதுமக்களுக்குத் தெரிவிப்பதற்காகத் தகவலைத் திரட்டும் செயலைப் பார்த்தால் லெகெட்டும் வுல்ஃபும் உள்ளே வருவார்கள்; தன் குற்றத்தை மறைக்க எழுத்தாளர் வேடம் போடுபவர் வரமாட்டார். இது நீதிமன்றங்கள் அன்றாடம் செய்யும் வகைப் பகுப்புதான்.

இதைவிடப் பெரிய சிக்கல், சிறையே தேவைப்படாத வழி ஒன்று இப்போது வந்துவிட்டது என்பது. ரகசியத்தைக் கசியவிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட சி.ஐ.ஏ. முன்னாள் அதிகாரி ஸ்டெர்லிங்கின் வழக்கில், அதைப் பெற்றதாகச் சொல்லப்பட்ட நியூயார்க் டைம்ஸின் ஜேம்ஸ் ரைசன் சாட்சி சொல்ல வேண்டும் என்று 2013 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2014 இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. ரைசன் சிறைக்குப் போகத் தயாராக இருந்தார். கடைசியில் அரசு அவரை அழைக்கவே இல்லை. இருவருக்கும் இடையே நடந்த தொலைபேசி அழைப்புகள், மின்னஞ்சல்கள் ஆகியவற்றின் பதிவுகளைக் கொண்டே 2015 இல் ஸ்டெர்லிங் தண்டிக்கப்பட்டு 42 மாதச் சிறை பெற்றார். செய்தியாளர் வாக்கைக் காத்தார். வாக்கு யாரைக் காக்க வேண்டுமோ அவரைக் காக்கவில்லை. கனடாவில் 2016 இல், பத்திரிகையாளர் பட்ரிக் லகாசேயின் கைபேசியைக் கண்காணிக்க மான்ட்ரியல் காவல்துறை 24 ஆணைகள் பெற்றிருந்தது தெரியவந்தது. அவருக்கு அது பற்றி எதுவும் தெரியாது. மறு ஆண்டே அங்கு தகவல் மூலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெயரைக் கேட்பவரே அதன் தேவையை நிறுவ வேண்டும் என்றும், செய்தியாளர் தொடர்பான தேடுதல் ஆணையை உயர்நிலை நீதிபதி மட்டுமே தரலாம் என்றும் அது கூறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊடகச் சுதந்திரச் சட்டம் 2025 ஆகஸ்ட் 8 முதல் உளவு மென்பொருளுக்கும் வரம்பு போடுகிறது.

இவற்றோடு ஒப்பிட்டால் இந்தியாவின் நிலை வெற்றிடத்துக்கு அருகில் இருக்கிறது. 1978 பத்திரிகை மன்றச் சட்டத்தின் 15(2) பிரிவு, மன்றத்தின் முன் மட்டும் பெயரைச் சொல்லக் கட்டாயமில்லை என்கிறது. நீதிமன்றத்தில் அது செல்லாது. சாட்சியச் சட்டத்தில் தனிப்பிரிவு சேர்க்குமாறு சட்ட ஆணையம் 1983 இல் தன் 93வது அறிக்கையில் பரிந்துரைத்தது. சாட்சியச் சட்டமே புதிதாக எழுதப்பட்டு 2024 ஜூலை 1 இல் நடைமுறைக்கு வந்தபோதும் அந்தப் பிரிவு இடம்பெறவில்லை. பெகாசஸ் உளவு மென்பொருள் வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தகவல் மூலத்தைக் காப்பதன் முக்கியத்துவத்தை ஏற்றுப் பேசியிருந்தும், 2023 ஜனவரியில் டெல்லி நீதிமன்றம் ஒன்று, செய்தியாளர்களுக்கு இதில் சட்டபூர்வ விலக்கு எதுவும் இல்லை என்று கூறி, அவர்களிடம் மேலும் விசாரிக்கச் சொன்னது. நீதிபதியின் நல்லெண்ணத்தை நம்பியே நிற்கும் பாதுகாப்பு, இரண்டு நீதிமன்ற அறைகளுக்கு இடையே மாறிவிடும்.

எழுத வேண்டிய சட்டம் நீளமானதாக இருக்க வேண்டியதில்லை. ஸ்வீடனிலிருந்து, உரிமை தகவல் தந்தவருக்குரியது என்ற தொடக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். பெல்ஜியத்திலிருந்து, உயிருக்கு வரும் ஆபத்து என்ற ஒற்றை விதிவிலக்கை எடுத்துக்கொள்ளலாம். குற்றம் சாட்டப்பட்டவரின் தேவைக்கு, தனியறைப் பரிசோதனையும் அரசுத் தரப்புச் சாட்சியத்தை விலக்குவதும் போதும். அவதூறு வழக்குக்கு நியூ ஹாம்ப்ஷயரின் ஊகம் போதும். மறுத்ததற்காகச் சிறையோ அபராதமோ இல்லை என்பதைத் தனி வரியில் எழுத வேண்டும். கனடாவைப் பின்பற்றி, செய்தியாளரின் அழைப்புப் பதிவுகளையும் மின்னஞ்சல் விவரங்களையும் மூன்றாம் நிறுவனத்திடமிருந்து எடுப்பதற்கும் இதே விதிகளைப் பொருத்த வேண்டும். எடுப்பதற்கு முன் செய்தியாளருக்கு அறிவிப்பு அனுப்பி, நீதிபதி முன் மறுத்துப் பேச அவருக்கு அவகாசம் கொடுக்க வேண்டும்.